பிள்ளை எங்கே என்று போனிடம் கேட்கும் பெற்றோருக்கு

உறங்கிக்கொண்டிருக்கும் மகளின் பெருவிரலைப் பிடித்து, அவளுடைய போனில் வைத்துப் பூட்டைத் திறந்து, அவளுக்குத் தெரியாமல் ஒரு செயலியை ஏற்றிவிடுவதைக் கெட்டித்தனம் என்கிறீர்களே, அது எப்படிக் கெட்டித்தனமாகும்? ரியூட்டரி வாசலில் நின்று இதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். கேட்டு நிற்பவர்கள் செயலியின் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். "மகளிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்ட ஒருவரையாவது நான் அங்கே காணவில்லை. எங்கள் திருகோணமலையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே கதைதான். பிள்ளைகள் ஒரு வீட்டில் அம்மா, அப்பா என்கிறார்கள், இன்னொரு வீட்டில் உம்மா, வாப்பா என்கிறார்கள். போனில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே பின்னேரத்தைக் கழிக்கும் பழக்கம் இரண்டு வீட்டிலும் வந்துவிட்டது.

நானும் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிற ஆள்தான். வகுப்பு முடிந்து அரை மணித்தியாலம் பிந்தினால் அடிவயிறு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயத்தை ஆற்றிக்கொள்ள நீங்கள் பிடித்த வழி பிள்ளைக்குக் கேடு செய்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். போன் வேலை செய்யவேண்டுமென்றால் அது எங்கே இருக்கிறது என்று வலையமைப்புக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சாம்பல்தீவில் நிற்கும் மகனுக்கு நீங்கள் அழைப்பு எடுக்கிறீர்கள். நாடு முழுக்க நிற்கும் ஆயிரக்கணக்கான கோபுரங்களில் எது அந்த அழைப்பை அவனிடம் கொண்டு சேர்க்கவேண்டும்? அது தெரியவேண்டும் என்பதற்காகத்தான் சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போனும் தான் எந்தப் பரப்பில் இருக்கிறது என்று வலையமைப்புக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் ஏறி நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று போகப் போக ஒரு கோபுரம் விட, அடுத்தது பிடித்துக்கொள்கிறது. பேச்சு அறுவதில்லை. யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினோம், அப்போது எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. டயலொக் ஆனாலும் மொபிடெல் ஆனாலும் ஹட்ச் ஆனாலும் இதுதான் முறை. போன் வேண்டும், பதிவு வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. பிளைட் மோட்டில் போட்டால் அறிவிப்பு நிற்கும், ஆனால் அழைப்பும் வராது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை நான் எதிர்க்கவில்லை. பேச வேண்டும், டேட்டா வேண்டும், அந்தரத்துக்கு ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது இன்னும் வரவில்லை, அதனால் சிம் உங்கள் பெயரில் இருக்கிறது. அவன் நடந்த தடமெல்லாம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ்தான் சேர்கிறது.

இதற்கு மேல் நடப்பவை எல்லாம் நீங்களாகக் கொடுப்பவை.

ஜிபிஎஸ் என்றால் வானத்திலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று எங்களில் பலர் நம்புகிறோம். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகளுக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியாது. அவை நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. போன் குறைந்தது நான்கு செய்மதிகளைக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் எங்கே என்று தானே கண்டுகொள்கிறது. அதுவரை அந்த விடயம் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்து டேட்டா வழியாக வெளியே அனுப்புவது செயலி. அந்தச் செயலிக்கு "அனுமதி" என்ற பொத்தானை அழுத்திக் கொடுத்தது நீங்கள், அல்லது நீங்கள் பழக்கிவிட்ட பிள்ளை. ஜிபிஎஸ் எடுபடாத கட்டடத்துக்குள் இருந்தால் போன் சுற்றிலும் உள்ள வைஃபை பெட்டிகளின் அடையாளங்களைப் பார்த்து இடத்தை ஊகிக்கிறது. அதுவும் இல்லையென்றால் கோபுரத்தை வைத்து.

எங்கள் ஊரில் அந்தக் கோபுரக் கணக்கு அடிக்கடி பொய் சொல்லும். பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் கோபுரம் போனின் தூரத்தை ஏறத்தாழ 550 மீற்றர் படிகளாகத்தான் அளந்தது. 4ஜியில் அந்தப் படி 80 மீற்றருக்குக் கிட்ட வந்திருக்கிறது. தூரம் தெரிந்தாலும் திசை சரியாகத் தெரியாது. அதோடு கொட்டியாரக் குடாவிலும் உட்துறைமுகத்திலும் அலையை மறிக்கக் கட்டடமோ மலையோ இல்லாத நீர்ப்பரப்பு கிடக்கிறது. கரையில் நிற்கும் போன் பக்கத்துக் கோபுரத்தை விட்டுவிட்டு எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது புள்ளி நடுக்கடலில் நிற்கும், அல்லது பிள்ளை போகவே போகாத சீனக்குடாவில் நிற்கும். "அங்க என்னடி செய்தாய்?" என்று கேட்டுக் கை நீட்டிய வீடுகள் இருக்கின்றன. அந்த நேரம் பிள்ளை மூதூரில் பெரியம்மா வீட்டில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கும். வரைபடத்தை நம்பினீர்கள், பெற்ற பிள்ளை சொன்னதை நம்பவில்லை.

இனி, இலவசம் என்று நீங்கள் இறக்கிய செயலிகளுக்கு வருகிறேன். லைஃப்360 என்ற அமெரிக்கச் செயலி உலகம் முழுக்கக் குடும்பங்களுக்காகவே செய்யப்பட்டது. 2021-ல் அதைப் பயன்படுத்தியவர்கள் 3 கோடியே 30 இலட்சம் பேர். பிள்ளைகளைக் கண்காணிக்கத் தாய் தகப்பன் ஏற்றிய அந்தச் செயலி, குடும்பங்களின் துல்லியமான இருப்பிடத் தரவைத் தரகு நிறுவனங்களுக்கு விற்று வந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் த மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. சத்தம் எழுந்த பிறகுதான் துல்லியமான தரவை விற்பதைப் பெரும்பாலும் நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. விற்றுப் போனதைத் திருப்பி வாங்க எந்தத் தாயாலும் முடியவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 2019 மார்ச்சில், ஃபமிலி லொக்கேட்டர் என்ற இன்னொரு செயலியின் தரவுக் களஞ்சியம் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. 2 இலட்சத்து 38 ஆயிரம் பேர் அந்த நிமிடம் எங்கே நிற்கிறார்கள் என்பதை எவரும் பார்க்கக்கூடிய நிலை. பிள்ளை பாடசாலை வாசலைத் தாண்டினால் பெற்றோருக்குத் தகவல் போகும் என்பதுதான் அந்தச் செயலியின் விளம்பரம்.

மணிக்கூடு கட்டிவிட்டேன், போன் இல்லை என்று சொல்பவர்களும் கேளுங்கள். 2017 ஒக்டோபரில் நோர்வேயின் நுகர்வோர் மன்றம் சிறுவர் மணிக்கூடுகளைச் சோதித்துப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவர் மணிக்கூட்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையின் இடத்தைப் பார்க்கவும் பிள்ளையோடு பேசவும் முடிந்தது. அடுத்த மாதமே ஜேர்மனி, ஒட்டுக் கேட்கும் வசதி கொண்ட சிறுவர் மணிக்கூடுகளைத் தடை செய்தது. வாங்கியவர்கள் அவற்றை அழித்துவிடும்படியும் சொன்னது. வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பெற்றோர் வீட்டில் இருந்து ஒட்டுக் கேட்டதும் அந்தத் தடைக்கு ஒரு காரணம். அதே வகை மணிக்கூடுகள் மலிவு விலையில் இணையக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. விலையைப் பார்க்கிறீர்கள், செய்தவர் யார் என்று பார்ப்பதில்லை.

மறைந்திருந்து வேவு பார்க்கும் செயலிகள் இவற்றை விட மோசம். அவற்றை ஏற்றும்போது கூகிளின் பாதுகாப்புச் சோதனையை நிறுத்தச் சொல்லும், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கச் சொல்லும். சொன்னபடி செய்கிறீர்கள். மகளின் போனுக்குக் காவலாக இருந்த ஏற்பாட்டை உங்கள் கையாலேயே நீக்கிவிட்டு, அவளுடைய குறுஞ்செய்தி, படங்கள், நடமாட்டம் எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கும் ஒருவனின் கணினிக்கு அனுப்பிக் கொடுக்கிறீர்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2021 செப்டெம்பரில் ஸ்பைஃபோன் என்ற செயலியின் தொழிலையே தடை செய்தது இப்படிப்பட்ட காரணங்களுக்காகத்தான்.

"பெயரா போகிறது? வெறும் இடம்தானே" என்று ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 15 இலட்சம் பேரின் பெயர் நீக்கிய போன் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரம் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், நூற்றுக்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. உங்கள் மகளுக்கு அந்த நான்கு எவை? இரவில் வீடு, காலையில் பாடசாலை, பின்னேரம் வகுப்பு, வெள்ளிக்கிழமை கோயில். இதற்கு மேல் பெயர் எதற்கு?

இதே ஊரில் இடம் காட்டும் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கொட்பே துறைமுகத்தில் இருந்து நாட்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் வள்ளங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி இருக்கிறது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்ட பிறகு, அதை நீக்கிக்கொள்ள அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளில் இந்தக் கருவியைப் பூட்டுவதும் ஒன்று. அடுத்த ஆண்டு தடை நீங்கியது. வள்ளக்காரருக்குக் கருவி எங்கே பூட்டியிருக்கிறது என்று தெரியும். யார் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள், எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஒரு வள்ளத்துக்குக் காட்டும் மரியாதையைப் பெற்ற மகளுக்குக் காட்ட உங்களுக்கு ஏன் முடியவில்லை?

பதிவே வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல மனம் வராது.

2008-க்கும் 2009-க்கும் இடையில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழ் இளைஞர்கள். அவர்களில் பலர் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் எங்கள் ஊர்க் கடற்படைத் தளம். நாங்கள் தினமும் பார்க்கும் அதே துறைமுகம். 2009 மே மாதம் ஓர் அதிகாரியின் அறையில் கிடைத்த அடையாள அட்டைகள், கடவுச்சீட்டு, கைப்பேசி ஆகியவற்றை வைத்து, அப்போதைய கடற்படைத் தளபதியே குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறையிட்டார். அங்கே தொடங்கிய விசாரணை பின்னாளில் அவர் பக்கமே திரும்பியது. அடைக்கப்பட்டிருந்த நிலையிலும் தொலைபேசி வழியாக வீட்டாரோடு பேச்சு நடந்ததும், அந்த அழைப்புப் பதிவுகளைப் பின்தொடர்ந்து விசாரணை நகர்ந்ததும் நீதிமன்றம் வரை வந்த விடயங்கள். 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான செயற்குழு அந்தத் தளத்துக்குள் போய், இரகசியத் தடுப்பு முகாம் ஒன்று இருந்த இடத்தைப் பார்த்ததாக அறிவித்தது. 2019-ல் 14 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கலானது. முன்னாள் தளபதி மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்வதில்லை என்று 2021-ல் சட்டமா அதிபர் முடிவெடுத்தார். அந்த 11 பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

இந்த வழக்கில் போன் பதிவு ஏன் பயன்பட்டது என்று யோசித்துப் பார்த்தீர்களா? பதிவை வைத்திருந்தது இந்த நாட்டில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம். அதைக் கேட்டது ஒரு புலனாய்வாளர். அதைப் பார்த்தது ஒரு நீதிபதி. பொய் சொன்னால் யாரைப் பிடித்துக் கேட்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2009 ஜனவரி 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்ட வழக்கிலும் அவரைப் பின்தொடர்ந்தவர்களின் போன்கள் கோபுரப் பதிவுகளில்தான் அகப்பட்டன. நீதி கிடைத்ததா என்றால் இல்லை. ஆனாலும் பதிவு இருக்கிறது, இல்லையென்று எவரும் மறுக்க முடியாதபடி இருக்கிறது. நீங்கள் மகளின் போனில் ஏற்றிய செயலியின் பதிவு எந்த நாட்டில் இருக்கிறது? எந்த நீதிமன்றம் அதை அழைக்கும்? கேடு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? அதே தரவை வேறொருவன் காசு கொடுத்து வாங்கினால் அவனை எப்படி அறிவீர்கள்?

2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இங்கே திருகோணமலையிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்திக்கொண்டு வீதியோரத்தில் இருந்தார்கள். என் பிள்ளை எங்கே என்பது அவர்களுடைய ஒரே கேள்வி. அந்தக் கேள்வியின் பாரம் தெரிந்த ஊரில், ஒரு பிள்ளையின் நடமாட்டத்தை முகம் தெரியாதவர்களிடம் எழுதிக் கொடுப்பது சின்ன விடயம் என்று எனக்குப் படவில்லை. எங்கே போகிறான், யாரோடு போகிறான், எந்தச் சந்தியில் திரும்புகிறான் என்ற தகவல் வேண்டாதவர் கைக்குப் போனால் என்னவாகும் என்று எங்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாற்பது வயதைத் தாண்டிய உங்களுக்கு அது நினைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது தெரியாது, தெரியாமல் வளர்கிறார்கள் என்பது நல்ல விடயம்தான். ஆகையால் அவர்களுக்காக யோசிக்கவேண்டியது நீங்கள்.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்கிறேன். எத்தனை வீடுகளில் மகளின் போனில் மட்டும் இந்தச் செயலி இருக்கிறது, மகனின் போனில் இல்லை? மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தளாய் வரை போய் வருகிறான், கேள்வி இல்லை. மகள் அநுராதபுரச் சந்தியில் ஒரு கடைக்குள் பத்து நிமிடம் நின்றால் அழைப்பு வருகிறது. இது பாதுகாப்பா, காவலா என்று உங்கள் மனத்தையே கேளுங்கள். வீதி விபத்தில் அகப்படும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்திருந்தால் செயலி இருக்கவேண்டிய போன் மாறியிருக்கும்.

பிள்ளைகள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். போனை ரியூட்டரியில் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சார்ஜ் முடிந்ததென்று நிறுத்திவைக்கிறார்கள். பொய்யான இடத்தைக் காட்டும் செயலி ஒன்றை அவர்களும் இறக்கிக்கொள்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்க உங்களுடைய போன் அறிவு போதாது. புள்ளி வகுப்பறையில் இருக்கிறது, பிள்ளை கடற்கரையில் இருக்கிறது, உங்களுக்கு நிம்மதி. ஆபத்து ஒன்று வந்தால் போனும் கையில் இல்லாமல் தனியே நிற்பாள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் உங்களுக்குச் சொல்லவும் மாட்டாள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அன்பு காட்டுகிறவர்கள் இப்படித்தான் வேவு பார்ப்பார்கள் என்று பழகிய பெண், நாளைக்கு ஒருவன் "என்னில விருப்பமெண்டால் லொக்கேஷனைப் போட்டு வை" என்று கேட்டால் மறுக்கமாட்டாள். அவளுக்கு அது புதிதாகவே தெரியாது. கல்யாணம் முடித்த பிறகு கணவன் கேட்டாலும் கொடுப்பாள். மறுக்கும் பழக்கத்தை அவளுக்குப் பழக்கவேண்டிய வீடு, எதிர்மாறானதைப் பழக்கிவிட்டது.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறீர்கள். 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது? பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி அடைக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போக வேறு வழியில்லாமல் பிள்ளைகள் ஏறிய படகுப் பாதை கவிழ்ந்தது. சீருடையோடு போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. எந்தப் போனில் எந்தப் புள்ளி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்? அந்தப் படகில் எத்தனை பேரை ஏற்றலாம், காப்புச் சட்டை இருக்கிறதா, யார் அனுமதி கொடுத்தது என்று முன்கூட்டியே கூடிப் போய்க் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் அவை. நான் அந்தத் தாய் தகப்பன்மாரைச் சொல்லவில்லை, அவர்கள் பட்டது போதும். எங்கள் எல்லோரையும் சொல்கிறேன். பிள்ளைகளை நெருக்கி அடைத்துக்கொண்டு போகும் வான்களும், தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராகப் போகும் மோட்டார் சைக்கிள்களும், இரவில் விளக்கெரியாத ரியூட்டரி ஒழுங்கைகளும் இன்றும் இருக்கின்றன. இவற்றுக்காகப் பிரதேச சபை வாசலில் ஒரு பின்னேரம் நிற்க எங்களுக்கு நேரமில்லை. திரையைப் பார்க்க மட்டும் நேரமிருக்கிறது.

பேரிடர் வந்தாலும் அந்தப் புள்ளியை நம்ப முடியாது. 2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், கடல் வந்த காலையில் தொலைபேசி எடுபடவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் போனால் புள்ளி கடைசியாக நின்ற இடத்திலேயே உறைந்து நிற்கும். எங்கே ஓடவேண்டும், பிரிந்துபோனால் எங்கே சந்திக்கவேண்டும் என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அதுதான் உதவும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் பேசி வைத்திருக்கிறீர்களா?

இடத்தைக் காட்டுவது தேவைப்படும் வேளைகள் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் மகன், முதல் தடவை தனியே கண்டிக்குப் போகும் மகள். அதற்கு வட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று அளவு, அந்த நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். முக்கியமாக, அதைப் போடுவது பிள்ளையின் கை. அவளே அனுப்புகிறாள், அவளே நிறுத்துகிறாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கூகிளின் ஃபமிலி லிங்க் போதும். போன் கண்காணிக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைக்கு அது மறைக்காது. வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, எதற்காக வைக்கிறோம், எத்தனை வயதில் எடுத்துவிடுவோம் என்று சொல்லி வையுங்கள். சொன்ன வயதில் எடுத்துவிடுங்கள்.

பிறகு போனை அவளிடம் கேட்டு வாங்கி, இருவருமாக இருந்து அமைப்புகளுக்குள் போங்கள். இருப்பிட அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும். விளையாட்டுக்கு எதற்கு இடம்? டோர்ச் லைட்டுக்கு எதற்கு? படத்தை அழகாக்கும் செயலிக்கு எதற்கு? மறுத்துவிடுங்கள். வரைபடத்துக்கும் ஓட்டோ அழைக்கும் செயலிக்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைத்தால் போதும். வானிலை பார்க்கத் துல்லியமான இடம் தேவையில்லை, ஊர் தெரிந்தால் சரி. விளம்பர அடையாளத்தை அழிக்கும் வசதி அண்ட்ரொய்ட் போனில் இருக்கிறது, அழித்துவிடுங்கள். கமராவில் இடம் பதியும் அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அவள் வீட்டில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் உங்கள் வீட்டின் இடம் ஒளிந்திருக்கும். உங்கள் போனிலும் இதையே செய்யுங்கள். செய்துவிட்டு அவளிடம் காட்டுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, தான் நிற்கும் இடத்தைப் பிள்ளை வாயால் சொல்லத் தெரிந்திருப்பது. மட்டிக்களிக்கும் லிங்கநகருக்கும் வித்தியாசம் தெரியாமல், வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளை நான் காண்கிறேன். சந்தியின் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிவாசல், கடல் எந்தப் பக்கம், எந்த வழியால் வந்தேன் என்று சொல்லத் தெரிந்தால் சிக்னல் குறைந்த இடத்திலிருந்து பத்து விநாடி பேசினாலே போதும். 119 பொலிஸ், 1990 இலவச அம்பியூலன்ஸ், 1929 சிறுவர் பாதுகாப்பு. இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கவேண்டும், போனில் சேமித்து வைத்தால் காணாது. 1929-க்கு உங்களைப் பற்றியே முறையிடவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2022-ன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்துவது 2025-ல் தள்ளிப்போடப்பட்டது. இதைப் பற்றி எந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் ஒரு சொல் பேசப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. இதற்கிடையில் வான்காரர் ஒரு செயலியைத் தருகிறார், ரியூட்டரி இன்னொன்றைத் தருகிறது, வரவைப் பதிய மூன்றாவது ஒன்று வருகிறது. எல்லாவற்றிலும் பிள்ளையின் படம், பிறந்த திகதி, வீட்டு முகவரி, இருப்பிடம். கேட்டதும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

வருகிற கூட்டத்தில் எழும்பி நின்று கேளுங்கள். இந்தச் செயலியைச் செய்த நிறுவனம் எது, இந்த நாட்டில் அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறதா? பிள்ளையின் இருப்பிடத்தை யார் யார் பார்க்கலாம்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பிள்ளை வகுப்பை விட்டு நின்றுவிட்டால் அதை அழிப்பார்களா? செயலி வேண்டாம் என்கிற பெற்றோரின் பிள்ளைக்கு வானில் இடம் உண்டா? பதிலை வாயால் சொல்லவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், இது அவர்களுடைய விடயம்.